ஆன்கால் டூட்டிக்கு முன்னால் சேட்சர்வர்ஸ்: செய்து பார்த்தவளின் மதிப்பீடு

வேலைக்குச் சேர்ந்து, பேக்எண்டில் நாலு ஏபிஐ எழுதி, கோட் ரிவ்யூவில் திட்டு வாங்குவது கொஞ்சம் குறைந்து, சரி, எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிற நேரத்தில்தான் "அடுத்த மாதத்திலிருந்து நீயும் ஆன்கால் ரோட்டாவில்" என்பார்கள். சர்வர் எந்த நேரத்தில் மக்கர் செய்தாலும் எழுந்து பார்க்கிற முறைதான் ஆன்கால்; யாருக்கு எப்போது முறை என்கிற பட்டியல் ரோட்டா. அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேட்சர்வர்ஸ் (SadServers) என்று ஒரு தளம் இருக்கிறது. கெட்டுப்போன லினக்ஸ் சர்வர் ஒன்றை நம் கையில் கொடுத்து, சரிசெய் என்று விட்டுவிடுகிற தளம். அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஆன்காலுக்கு முன்னால் கட்டாயம் செய்யுங்கள், இலவசமாகக் கிடைப்பதே போதும். ஆனால் இதை மட்டும் முடித்துவிட்டு நான் தயார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நான் பனச்சமூட்டுக்காரி. எங்கள் ஊரில் நாலு எட்டு வைத்தால் கேரளம். வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். 1990இல் தொடங்கிய அந்த இடத்தை நம்பி, சென்னை, பெங்களூர் என்று கிளம்பாமல் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் காலந்தள்ளுகிறோம். வாரத்தில் பாதி நாள் அங்கே ஹாஸ்டலில், மீதி வீட்டிலிருந்து வேலை. எங்கள் குழு ஆர்டர்களைக் கையாளுகிற ஜாவா சேவை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறது. குழுவில் மூத்தவர் நெய்யாற்றின்கரை சேச்சி. அவர்தான் ரோட்டாவில் என் பேரைப் போட்டுவிட்டு, "மோளே, கோட் எழுதறது வேற, அது ஓடறதைப் பார்த்துக்கிறது வேற. இந்த சைட்ல கொஞ்சம் கையை அழுக்காக்கிட்டு வா" என்று அனுப்பினார்.

கல்லூரியில் லினக்ஸ் லேப் என்றால் என்ன? ரெக்கார்டு நோட்டில் கட்டளைகளை எழுதி, அவுட்புட்டையும் பேனாவால் எழுதி, கையெழுத்து வாங்குவது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அன்றைக்கே தெரியும், ஆனால் மதிப்பெண்ணுக்கு அது உதவியது. நேர்முகத் தேர்வுக்குப் படித்ததோ மரம், கிராஃப், டைனமிக் ப்ரோகிராமிங். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சர்வர் எப்படியெல்லாம் நிற்கும் என்பதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

தளம் வேலை செய்யும் விதம் எளிது. புதிர்களின் பட்டியல் இருக்கும். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கென்று ஒரு நிஜ லினக்ஸ் இயந்திரம் எழும்பும். அதன் டெர்மினல் ப்ரவுசரிலேயே திறக்கும். 10 நிமிடம், 20 நிமிடம் என்று நேரக் கணக்கு உண்டு. நேரம் முடிந்தால் இயந்திரமே போய்விடும். சரிசெய்துவிட்டேன் என்று தோன்றினால் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தலாம். மாட்டிக்கொண்டால் துப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்க்கலாம்; கடைசித் துப்பில் ஏறக்குறைய விடையே வந்துவிடும். புதிர்களுக்கு உலக ஊர்களின் பெயர்கள். சென்னைக்கும் ஒன்று உண்டு, ராபிட்எம்கியூ என்ற செய்தி வரிசை மென்பொருள் பற்றியது. மார்த்தாண்டத்துக்கு இன்னும் முறை வரவில்லை.

முதலில் செய்ய வேண்டியது செயின்ட் ஜான். ஏதோ ஒரு சோதனை ப்ரோகிராம் ஒரு லாக் கோப்பில் விடாமல் எழுதி டிஸ்க்கை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பட்டியலில் இதைவிட எளியது கிடையாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஆன்காலுக்குப் போகிறவருக்கு இதிலிருக்கிற சரக்கு அதிகம். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டுகிற டெயில் கட்டளை போட்டால் வரிகள் ஓடுவது தெரியும், எழுதுகிறவர் யார் என்று தெரியாது. அதற்கு எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை வேண்டும். எந்தக் கோப்பை எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோகிராம்) திறந்து வைத்திருக்கிறது என்று அது சொல்லும். ப்ராசஸ் எண் கிடைத்தால் அதை நிறுத்துகிற கில் கட்டளை, அவ்வளவுதான். இரண்டே நிமிடத்தில் முடியும்.

முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். நேரம் மிச்சம் இருக்கும்போதே அதே இயந்திரத்தை மறுபடி புதிதாக எழுப்பி, ப்ரோகிராமை நிறுத்தாமல் லாக் கோப்பை மட்டும் அழித்துப் பாருங்கள். கோப்புகளைப் பட்டியலிடுகிற எல்எஸ் போட்டால் கோப்பு இருக்காது. ஆனால் அது பிடித்திருந்த இடம் திரும்பி வந்திருக்காது. ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கிற கோப்பை அழித்தால் பெயர்தான் போகிறது. அந்த ப்ராசஸ் கோப்பை மூடும் வரை, அல்லது தானே முடியும் வரை, டிஸ்க்கில் இடம் காலியாகாது. கோப்புகளைக் கூட்டிச் சொல்கிற டியு ஒரு கணக்குச் சொல்லும், டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிற டிஎஃப் வேறொரு கணக்குச் சொல்லும். இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று புரியாமல் ராத்திரி நேரத்தில் முதல்முறை பார்க்கிறவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எல்எஸ்ஓஎஃப்பில் அழிக்கப்பட்டும் திறந்திருக்கிற கோப்புகளைத் தனியாகக் காட்டச் சொல்லலாம். தளம் இதைச் சொல்லித் தராது; ஆனால் நாமே நோண்டிப் பார்க்க இடம் தருகிறது. என் கணக்கில் இந்தத் தளத்தின் பெரிய லாபம் அதுதான். உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு இயந்திரம், சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு.

அடுத்து கேப் டவுன், டோக்கியோ இரண்டையும் ஒரே உட்காரலில் செய்யுங்கள். இரண்டுமே வலை சர்வர் பதில் தரவில்லை என்கிற புகார்தான். கேப் டவுனில், வலை முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கிற கர்ல் கட்டளையைப் போட்டதும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். டோக்கியோவில் கர்ல் போட்டால் ஒன்றுமே வராது, காத்துக்கொண்டே இருக்கும். என் மாதிரி புதியவர்களுக்கு இரண்டும் 'சர்வர் டவுன்' என்ற ஒரே பெட்டியில்தான் போய் விழும். உடனே மறுத்தால், இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் (சேவை காத்திருக்கிற வாசல் எண்) கேட்க ஆளில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். சேவை எழும்பவில்லை, அல்லது வேறு போர்ட்டில் நிற்கிறது. சத்தமே இல்லாமல் தொங்கினால், நடுவில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். எங்கள் சேவையின் லாக்கில் தினமும் இந்த இரண்டு பிழைகளும் வருகின்றன. முன்பெல்லாம் இரண்டையும் ஒரே மாதிரி 'நெட்வொர்க் எர்ரர்' என்று டிக்கெட்டில் எழுதுவோம்.

இன்னொன்று, இந்த இரண்டிலும் ஒரு கோளாறைச் சரிசெய்ததும் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று தலைநீட்டும். அது என்ன என்று சொல்ல மாட்டேன். 'சரியாகிவிட்டது' என்று சொல்லுமுன் மறுபடி ஒரு கர்ல் போட்டுப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வரும்.

மன்ஹாட்டன் டேட்டாபேஸ் புதிர். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரி எழுத வேண்டும், எழுத முடியவில்லை. போஸ்ட்கிரெஸ் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள், அது உண்மையும்கூட. பிழைச் செய்தியையும் லாக்கையும் பொறுமையாகப் படித்தால் போதும். இதில் ஓர் எச்சரிக்கை மட்டும். புதிரில் எதை அழித்தாலும் கேள்வி கேட்க ஆளில்லை. நிஜ போஸ்ட்கிரெஸ்ஸில் டிஸ்க் நிரம்பினால், பிஜி வால் என்ற அடைவில் பெரிது பெரிதாகக் கோப்புகள் கிடக்கும். லாக் போலத் தோன்றும். கையை வைத்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் விழுந்தால் திரும்ப எழுவதற்கு அவைதான் ஆதாரம். நகல் சர்வர் எதுவரை படித்தது என்று குறித்து வைக்கிற ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று, யாரும் படிக்காமல் விட்டுப்போயிருந்தால் அந்தக் கோப்புகள் இப்படிக் குவியும். கை வைக்க வேண்டியது ஸ்லாட்டில், அதுவும் பக்கத்தில் டேட்டாபேஸ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு.

சஸ்கட்டூன், லாக்கில் எந்த ஐபி முகவரியிலிருந்து அதிகக் கோரிக்கை வந்தது என்று எண்ணச் சொல்லும். ஆக், சார்ட், யூனிக் என்ற மூன்று கட்டளைகளையும் கோத்தால் முடிந்தது. சின்ன வேலை, தினமும் உதவும். ஒஹாகா கொஞ்சம் விசித்திரமானது. ப்ராசஸைக் கொல்லாமல் அது திறந்து வைத்திருக்கிற கோப்பை மூட வேண்டும். ரசித்துச் செய்யலாம், ஆன்காலில் இதுவரை தேவைப்பட்டதில்லை. கடினம் என்று போட்டிருப்பவற்றில் சில வித்தை காட்டுகிற ரகம். அவற்றை விட்டுவிட்டு நடுத்தரத்தில் டாக்கர், குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை ஓட்டுகிற கருவிகள்) புதிர்களில் நேரத்தைச் செலவழிப்பது பேக்எண்டுக்காரர்களுக்குப் புத்திசாலித்தனம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இவற்றைக் குறை என்பதைவிட எல்லை என்று சொல்வது நியாயம்.

சரிபார்க்கும் பொத்தான் கடைசி நிலையை மட்டுமே பார்க்கிறது. எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அதற்குக் கவலையில்லை. முடித்துக்கொள் என்று கேட்கிற கில் போட்டாலும் சரி, கேட்காமலே உடனே கொல்கிற கில் மைனஸ் ஒன்பது போட்டாலும் சரி, பச்சை விழும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற நிஜ சர்வரில் அந்த இரண்டுக்கும் நடுவே பாதி எழுதிய கோப்பும் முடியாத ஆர்டரும் கிடக்கும். நேரக் கணக்கும் தவறான ஓர் அவசரத்தைப் பழக்குகிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். அவர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ராத்திரி களைப்பில் ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய அடைவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அதைப் படித்தபின் எந்தப் புதிரிலும் முதல் கட்டளையாக, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று காட்டுகிற ஹோஸ்ட்நேம் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். புதிரில் அதற்கு ஒரு தேவையும் கிடையாது. கை பழகட்டும் என்றுதான்.

இதைவிடப் பெரிய எல்லை, இங்கே எல்லாமே ஒற்றை இயந்திரம். எங்கள் சேவை பல கன்டெய்னர்களில், அதாவது தனித்தனியாக அடைத்த பொட்டலங்களில், ஓடுகிறது. அவற்றில் உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க ஷெல்லே இல்லாதவை உண்டு. சூடோ என்று கேட்டால் சிரிப்பார்கள். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால் அது 128உம் 9உம் சேர்ந்தது, யாரோ சிக்னல் ஒன்பதால் கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் மெமரி வரம்பு மீறியதால், என்று வெளியிலிருந்தே படிக்கத் தெரிய வேண்டும்.

ஜாவாக்காரர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்ப்ரிங் பூட் போட்டால் கூடவே வருகிற ஹிகாரி கனெக்‌ஷன் பூலில், நாம் எதையும் மாற்றாவிட்டால், டேட்டாபேஸுக்கென்று திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்கிற இணைப்பு அதிகபட்சம் 10. இணைப்புக்காக 30 விநாடி வரை காத்திருக்கும். டேட்டாபேஸில் ஒரு கேள்வி இழுத்தடிக்கத் தொடங்கினால் அந்தப் பத்தும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் வருகிற கோரிக்கைகள் எல்லாம் வரிசையில் நின்று, 30 விநாடி கழித்துப் பிழையோடு திரும்பும். அந்த நேரத்தில், இயந்திரத்தின் சுமையைக் காட்டுகிற டாப் போட்டுப் பார்த்தால் சிபியு சும்மா இருக்கும், மெமரி சும்மா இருக்கும், டிஸ்க் சும்மா இருக்கும். இயந்திரத்தின் நாடியைப் பிடித்தால் சுகமாக இருக்கிறது என்றுதான் சொல்லும். நோய், சேவையின் அளவீடுகளை வரைபடமாகக் காட்டுகிற டாஷ்போர்டில்தான் தெரியும்: பூலில் காத்திருக்கிறவர்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும், தாமதத்தின் 99ஆம் சதமானம் (நூற்றில் மிக மெதுவான அந்த ஒரு கோரிக்கையின் நிலை) செங்குத்தாக எழும்பியிருக்கும். சராசரித் தாமதம் தொடக்கத்தில் பாவம் போல நிற்கலாம், அதை நம்பாதீர்கள். இந்தப் படிப்பு சேட்சர்வர்ஸில் இல்லை. உங்கள் குழுவின் டாஷ்போர்டை நல்ல நாளிலேயே திறந்து, நல்ல நாளில் அது எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எட்டு போட்டு லைசன்ஸ் வாங்கியவர் எல்லோரும் சாயங்காலம் களியக்காவிளை ஜங்ஷனில் வண்டி ஓட்டிவிட முடியுமா? அதே கதைதான். ஆனால் எட்டே போடத் தெரியாமல் ஜங்ஷனுக்கு வருகிறவரை நினைத்தால் இன்னும் பயம்.

தளத்தில் இல்லாத இன்னொன்று, மனிதர்கள். ஆன்காலில் பாதி வேலை பேசுவதும் எழுதுவதும். இதைச் சேச்சி தனியாக உட்கார வைத்துச் சொன்னார். நான் "சேச்சி, காரணம் கண்டுபிடிக்க முடியலைன்னா?" என்று கேட்டதற்கு, "காரணம் காலைல கண்டுபிடிக்கலாம். முதல்ல ரத்தத்தை நிறுத்து. கடைசியா என்ன புது கோட் டெப்ளாய் ஆச்சுன்னு பாரு, பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணு, பண்ணினதைச் சேனல்ல எழுது. பதினைஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் புரியலைன்னா என்னைக் கூப்பிடு. கூப்பிடாம இருந்தாத்தான் கோபப்படுவேன்" என்றார். சேட்சர்வர்ஸின் புதிர்கள் நேர் எதிரான பழக்கத்தைத் தருகின்றன: தனியாக உட்கார்ந்து, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை விடாமல் தோண்டுவது. பயிற்சிக்கு அது நல்லது. ராத்திரியில் அந்த ஆசையை அடக்க வேண்டும்.

நான் செய்த ஒரு மாற்றம் உதவியது. ஒவ்வொரு புதிரையும் செய்யும்போதே பக்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து வைத்து, நேரம் போட்டு, பார்த்தது என்ன, செய்தது என்ன என்று ஒற்றை வரிகளாக எழுதிக்கொண்டே போனேன். குழுச் சேனலில் எழுதுவது போலவே. முதலில் எரிச்சலாக இருக்கும், வேகம் குறையும். ஆனால் உண்மையான அலர்ட் வந்தபோது விரல் தானாக எழுதியது.

அந்த முதல் அலர்ட் வந்தது வீட்டில் இருந்தபோது, காலை ஐந்தரை தாண்டி. எங்கள் சர்வர்கள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே நள்ளிரவு 12 என்பது நமக்குக் காலை 5.30. நள்ளிரவுக்கு என்று யாரோ வைத்த கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எல்லாம் நம் ஊரில் விடிகிற நேரத்தில்தான் கிளம்பும், அவற்றின் அலர்ட்டும் அப்போதுதான். அப்பா ரப்பர் வெட்டுக்காரர். தலையில் லைட்டோடு போய்ப் பாதி வெட்டு முடித்துக் கட்டங்காப்பி குடிக்க வந்திருந்தார். போன் அலறுவதைக் கேட்டு "மக்ளே, உனக்கும் இனி வெட்டு நேரம்தானா?" என்றார். டிஸ்க் 90 சதவீதம் தாண்டியதாக அலர்ட். ஹோஸ்ட்நேம், டிஎஃப், டியு. இரண்டு கணக்கும் ஒத்துப்போனது. சுழற்சி முறையில் அழியாமல் போன பழைய லாக்குகள்தான் காரணம். இன்ன கோளாறுக்கு இன்னது செய் என்று எழுதி வைத்திருக்கிற ரன்புக்கில் இருந்தபடி சுருக்கி நகர்த்தி, சேனலில் எழுதி, லாக் சுழற்சியைத் திருத்த டிக்கெட் போட்டேன். பெரிய சாகசம் ஒன்றுமில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க முடிந்ததில் செயின்ட் ஜானுக்குப் பங்கு உண்டு.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. குமரியில் இரண்டு மழைக்காலமும் உண்டு. மழை வந்தால் கரண்ட் போகும், கூடவே வீட்டு இணையமும். இந்தப் புதிர்களில் இணையம் அறுந்தாலும் கடிகாரம் நிற்காது. ஆகவே போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுவது இன்னும் நல்லது, எப்படியும் ஆன்காலுக்கு அது வேண்டும். போனில் அலர்ட் ஆப்புக்கு மட்டும் சைலண்ட் மோடை மீறுகிற அனுமதி கொடுத்துவிட்டீர்களா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தளம் முழுக்க ஆங்கிலம், ஆனால் கேள்விகள் நாலு வரிதான். தமிழ் வழியில் படித்துவந்த என் தங்கைக்கே அதில் சிரமம் இருக்கவில்லை.

காசு கட்டிச் சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கட்டணத்தில் கூடுதல் புதிர்கள் உண்டு. ஆபரேஷன்ஸையே தொழிலாக எடுக்கப் போகிறவர், எஸ்ஆர்இ (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்கிற பொறியாளர்) வேலைக்கு நேர்முகம் போகிறவர் யோசிக்கலாம். பேக்எண்டில் இருந்துகொண்டு முறை வரும்போது மட்டும் ஆன்கால் பார்க்கிற நமக்கு இலவசப் பட்டியலே தாராளம். மேலே நான் பேர் சொன்னவை எல்லாம் இலவசமாகச் செய்தவைதான். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தக் கடைசி நிலையை மட்டும் பார்க்கிற பொத்தானுக்காக.